கடலில்லா மாநிலத்தின் வெள்ளியும் பழவேற்காட்டுக் காற்றும்

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஐஎல்சிஏ 4 என்ற சிறிய பாய்மரப் படகுப் பிரிவில் நேஹா தாக்கூர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படகு ஓட்டக் கற்றது போபால் நகரின் பெரிய ஏரியில். அதற்கு முந்தைய 2018 ஜகார்த்தா போட்டியில் இதே வகைப் படகில் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும் அதே ஏரியில் வளர்ந்தவர்தான். கடற்கரையே இல்லாத ஒரு மாநிலம், கடல் விளையாட்டு ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு ஆசிய விளையாட்டுகளில் பதக்கம் பெற்றது.

தமிழ்நாட்டின் வடகோடியில், ஆந்திர எல்லையைத் தொட்டுக் கிடக்கும் பழவேற்காட்டில் வாழும் எனக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சியைத் தந்தது. கூடவே ஓர் உறுத்தலையும் தந்தது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. எஞ்சின் வருவதற்கு முன் இந்த ஏரியிலும் இதை ஒட்டிய கடலிலும் பாய் விரித்துத்தான் பிழைத்தார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், தடாவிலும் இருக்கம் தீவிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. காற்றும் தண்ணீரும் படகோட்டும் குடிகளும் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட இந்தியத் தேர்வுக் களத்தின் வாசலுக்குப் போகவில்லையே, ஏன்? இதற்கு விடை தேட வேண்டுமானால், இந்த விளையாட்டில் ஒருவர் எப்படித் தேர்வு பெறுகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒற்றை ஆள் ஓட்டும் படகுகளில் உலகெங்கும் பரவியிருப்பது ஐஎல்சிஏ. நீண்ட காலம் லேசர் என்ற பெயரில் இருந்தது. கனடாவின் புரூஸ் கர்பி வடிவமைத்தது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. நீளம் சுமார் 4.2 மீட்டர், வெறும் உடலின் எடை அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல் ஒன்றே, பாய்மரத்தின் அடித்துண்டையும் பாயையும் மாற்றினால் பிரிவு மாறும். ஐஎல்சிஏ 7-இன் பாய் 7.06 சதுர மீட்டர், ஆண்கள் ஓட்டுவது. பெண்களின் ஒலிம்பிக் பிரிவான ஐஎல்சிஏ 6-க்கு 5.76. வளரும் பிள்ளைகளுக்கான ஐஎல்சிஏ 4-க்கு 4.7. இதற்கும் முன்படியாக ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர்ப் படகு இருக்கிறது. பதினைந்து வயது நிறையும் ஆண்டு முடியும் வரைதான் அதில் போட்டியிட முடியும்.

எல்லோருக்கும் ஒரே படகு என்பதால் வெற்றி ஓட்டுபவரின் கையிலும் கண்ணிலும் தொடையிலும் இருக்கிறது. தொடை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று வலுக்கும்போது படகு ஒருபக்கம் சாயும். அதை நிமிர்த்தி வைக்க, ஓட்டுபவர் பாதங்களை ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்கு மேலுள்ள உடல் முழுவதையும் படகுக்கு வெளியே நீட்டிக் கிடக்க வேண்டும். ஒரு கையில் சுக்கானை இயக்கும் தடி, மறு கையில் பாயை இழுக்கும் கயிறு. முகத்தில் உப்புநீர் அறைந்துகொண்டே இருக்கும். ஒரு பந்தயம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஒரே நாளில் இரண்டு, சில நாளில் மூன்று. ஐஎல்சிஏ 7 ஓட்டுபவர் எண்பது கிலோவை ஒட்டிய எடையோடு இந்தப் பாடுபட வேண்டும். எடை குறைந்தால் பலத்த காற்றில் பின்தங்குவார். கூடினால் மெல்லிய காற்றில் படகு நகராது.

ஆனாலும் பந்தயத்தின் பாதித் தலையெழுத்து கிளம்பும் முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. தொடக்கக் கோடு என்பது தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கோடு. ஒரு முனையில் நடுவர் படகின் கம்பம், மறு முனையில் ஒரு மிதவை. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், நான்கில் இன்னொன்று. ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி நீண்ட ஊதலோடு இறங்கும். அந்தக் கடைசி நிமிடத்தில் ஐம்பது, அறுபது படகுகள் கோட்டுக்குக் கீழே தோளோடு தோள் உரசி நிற்கும். பாய்கள் படபடக்கும், வழிவிடச் சொல்லிக் கூச்சல் எழும். படகுக்கு நிறுத்துக்கருவி கிடையாது. பாயைத் தளர்த்தியும் சுக்கானை ஆட்டியும் அரை மீட்டர், கால் மீட்டர் என்று இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். ஒரு விநாடி முந்திக் கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மீண்டும் கிளம்ப வேண்டும். கறுப்புக் கொடி ஏற்றிய பந்தயத்தில் கடைசி நிமிடத்துக்குள் தாண்டியவருக்குத் திரும்பி வரும் வாய்ப்பே கிடையாது. அந்தப் பந்தயத்திலிருந்தே வெளியே. இரண்டு விநாடி பிந்தினாலோ, முன்னால் போகும் பாய்கள் கசக்கிவிட்ட கெட்ட காற்றில் சிக்கி, பந்தயம் முழுவதும் மூச்சுத் திணற வேண்டியதுதான்.

எட்டுப் படகுகள் நிற்கும் பயிற்சியில் இந்த நிமிடத்தைக் கற்க முடியாது. எட்டு பேர் நின்றால் எல்லோருக்கும் இடம் இருக்கும், எல்லோருக்கும் நல்ல காற்று கிடைக்கும். உள்ளூரில் முதலிடம் பிடிக்கும் பிள்ளை வெளிநாட்டுப் போட்டிக்குப் போய் ஐம்பதாம் இடத்தில் வருவதற்குப் பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமில்லை. பெருங்கூட்டத்தில் கிளம்பிப் பழகாததுதான் காரணம் என்பது என் எண்ணம். இந்திய வீரர்கள் ஆண்டில் பல மாதங்களை ஐரோப்பாவில் கழிக்கக் காரணமும் இதுவே. சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் தங்கிப் பயிற்சி பெற்றார். விஷ்ணு சரவணனும் நீண்ட காலம் ஐரோப்பியக் கடல்களில் பயிற்சி செய்தவர்.

புள்ளிக் கணக்கும் கொஞ்சம் வித்தியாசமானது. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். எல்லாப் பந்தயங்களும் முடிந்த பிறகு ஒருவருடைய ஆக மோசமான முடிவைக் கழித்துவிடுவார்கள். ஹாங்சோவில் நேஹா 11 பந்தயங்களில் பெற்ற மொத்தப் புள்ளி 32. அவருடைய மோசமான முடிவே ஐந்தாம் இடம்தான். அதைக் கழித்தால் 27. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்: பதினொரு முறை கிளம்பி, ஒரு முறைகூட ஐந்தாம் இடத்துக்குக் கீழே போகவில்லை. அதே போட்டியில் ஐஎல்சிஏ 7 பிரிவில் விஷ்ணு 34 புள்ளிகளோடு வெண்கலம் பெற்றார். வெள்ளி வென்ற தென்கொரிய வீரரின் கணக்கு 33. ஒரு வாரப் போட்டியில் எங்கோ ஒரு மிதவைத் திருப்பத்தில் ஒரே ஒரு படகை முந்தியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். ஒரு பந்தயத்தில் மின்னுவதைவிட எல்லாப் பந்தயத்திலும் தவறாமல் முன்வரிசையில் வருவதற்கே இந்த விளையாட்டு மதிப்புத் தருகிறது. அந்த நிதானம் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும்.

இனி ஒலிம்பிக் தேர்வு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாட்டுக்கு ஒரு படகுதான். டோக்கியோவில் ஆண்கள் லேசர் பிரிவில் 35 பேர், பெண்கள் பிரிவில் 44 பேர். பாரிஸில் இரண்டிலும் 43 பேர். இடம் வீரருக்குக் கிடைப்பதில்லை, நாட்டுக்குக் கிடைக்கிறது. பிறகு தேசியச் சங்கமும் ஒலிம்பிக் சங்கமும் பெயரை அனுப்ப வேண்டும். இதனால் ஒருவருடைய போட்டியாளர் பல நேரங்களில் சொந்த நாட்டவராகவே இருப்பார். 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் நேத்ராவை நெருங்கி நின்றவர் இன்னொரு இந்திய வீராங்கனையான ரம்யா சரவணன். இருவரில் ஒருவருக்கே டோக்கியோ என்ற நிலை. நேத்ரா தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அங்கேயே விஷ்ணு கடைசிப் பந்தயத்தில் முன்னேறித் தன் இடத்தைப் பிடித்தார். இருவர் ஓட்டும் 49இஆர் படகில் சென்னையின் கணபதி, வருண் தக்கர் இணையும் தகுதி பெற்றது. டோக்கியோ சென்ற நால்வரில் மூவர் சென்னையில் வளர்ந்தவர்கள். நான்காமவர் வேலூரில் பிறந்தவர்.

பாரிஸுக்கான பாதை இன்னும் நுணுக்கமானது. 2024 ஜனவரியில் அடிலெய்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் விஷ்ணு 26-வது இடம் பிடித்தார். அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கு மேலே வந்தவர்களில் பலர் ஏற்கெனவே தகுதி பெற்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களை விலக்கிவிட்டு, இன்னும் இடம் கிடைக்காத நாடுகளை மட்டும் வரிசைப்படுத்தினால் இந்தியா முன்னால் நின்றது. நேத்ராவோ ஏப்ரல் மாதம் பிரான்ஸின் இயேர் நகரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே ஐந்தாவதாக வந்து, இந்த விளையாட்டில் வளர்ந்துவரும் நாடுகளுக்கென ஒதுக்கியிருந்த இடத்தைப் பெற்றார். டோக்கியோவில் 35-வதாக வந்தவர் பாரிஸ் போட்டி நடந்த மார்சேயில் 21-வதாக வந்தார். விஷ்ணு 20-இலிருந்து 18-க்கு உயர்ந்தார். பதக்கம் வரவில்லை என்று செய்தி ஒரு வரியில் முடிந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் ஆளும் ஒரு விளையாட்டில், மூன்றாண்டுகளில் பதினான்கு இடம் ஏறுவது என்ன உழைப்பு என்பதைப் படகேறிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதுதான் என் கேள்விக்கு நெருக்கமானது. விஷ்ணுவின் வாசல் ராணுவம். தந்தையும் ராணுவத்தில் பாய்மரப் படகு ஓட்டியவர். மும்பையில் ராணுவத்துக்கென்றே தனிப் பயிற்சி மையம் இருக்கிறது. படகு, பயிற்சியாளர், சம்பளம், வெளிநாட்டுப் பயணம் என்று எல்லாம் அந்த அமைப்புக்குள் வந்துவிடுகின்றன. சிறுவர்களைப் பதினான்கு வயதுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து, படிப்பும் பயிற்சியும் தரும் பிரிவுகளும் படைகளில் உண்டு. நேத்ராவின் வாசல் வேறு. பன்னிரண்டு வயதில் சென்னையில் ஒரு கோடை முகாமில் படகேறியவர் அவர். குடும்பத்தின் ஆதரவு, சென்னையின் பாய்மரப் படகுச் சங்கம், பிறகு மத்திய அரசின் ஒலிம்பிக் உதவித் திட்டம் என்று படிப்படியாக வந்தார். இடையில் பொறியியலும் படித்தார். ஒரு புதிய ஐஎல்சிஏ படகுக்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். போட்டிக்கான பாய் சில போட்டிகளிலேயே வடிவம் தளர்ந்துவிடும். வெளிநாட்டுப் போட்டி ஒவ்வொன்றுக்கும் படகு வாடகை, தங்குமிடம், பயிற்சியாளரின் துணைப்படகு என்று செலவு நீளும். மீன் விற்று வீடு நடத்தும் எந்தக் குடும்பமும் தாங்கக்கூடிய தொகையல்ல அது.

மூன்றாவது வாசல்தான் போபால். ஒரு மாநில அரசு ஏரிக்கரையில் பயிற்சிப் பள்ளி அமைத்து, கிராமங்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்துப் பயிற்சி தந்தது. பணமோ ராணுவப் பின்னணியோ இல்லாத ஒரு பெண்பிள்ளைக்கு இந்த வாசல் மட்டுமே திறந்திருக்கும். ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியிலும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு கற்றுத்தரும் முயற்சி நடந்துவருகிறது. கடலைத் தொடாத தெலங்கானாவிலிருந்து தேசியப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் போகிறார்கள்.

எங்கள் கரையில் என்ன இருக்கிறது? முதலில், காற்று. கோடையில் காலை நேரம் மேற்கிலிருந்து கரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டி அது ஓய்ந்து, கடற்காற்று எழும். முதலில் கொண்டலாகக் கிழக்கிலிருந்து வந்து, மாலை ஆக ஆகத் தெற்கே திரும்பும். எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறும் படகுக்கு இது மிகப் பெரிய செய்தி: காற்று வலப்பக்கம் திரும்பப் போகிறது, ஆகவே பந்தயத் தடத்தின் வலப்பக்கம் போனவர் முந்துவார். இதை வானிலை அட்டவணை பார்த்துக் கற்கும் நகரத்துப் பிள்ளைகள் உண்டு. இங்கே வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்தே கற்கலாம். பாயில் ஓடிய காலத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை ஏரியின் மேல்பரப்பைக் காட்டி, “அங்கே கறுப்பாக ஒரு திட்டு நகர்ந்து வருகிறது, பார் தம்பி. அது வந்து சேரும் முன்னே கயிற்றை இளக்கிவிட வேண்டும்” என்றார். வீச்சுக்காற்று நீரில் சிற்றலை கிளப்புவதால் அந்த இடம் இருண்டு தெரியும். ஒலிம்பிக் பயிற்சியாளர்கள் தூரத்திலிருந்து காட்டித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது. எஞ்சின் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. “கடலோரப் பிள்ளைகளுக்கு இரத்தத்திலேயே இருக்கிறது” என்று மேடையில் பேசுவது எளிது. ஆனால் பாய்க்கயிற்றைப் பிடிக்காத கைக்கு அது தானாக வந்துவிடாது. மீன்பிடிக்கும் பாய்ப்படகு பாரத்தோடு பத்திரமாகக் கரை சேர்வதற்கு ஓடுவது. பந்தயப் படகு விநாடிக்கு ஓடுவது. இரண்டுக்கும் காற்று ஒன்று, கணக்கு வேறு. தண்ணீர்ப் பயம் இல்லாததும் நீச்சலும் மட்டும் இன்றும் இங்கே இயல்பாகக் கிடைக்கின்றன. அது சிறிய முதல் அல்ல.

ஏரிக்கும் தன் கஷ்டங்கள் உண்டு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஐஎல்சிஏ படகின் நடுப்பலகை நீருக்குள் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இறங்கும். ஆகவே கோடையில் நீர் வற்றும் காலத்தில் ஏரியின் பல பகுதிகளில் அது சேற்றைத் தொட்டுவிடும். முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதியில் நீர் ஆழம் கூடுதல். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இடம் இன்னும் விரியும். அங்கேயும் வலைகள் விரிந்திருக்கும். எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு முறை என்ற பழைய ஏற்பாடு தீர்மானிக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் ஒரு மிதவையைக்கூட நட முடியாது, நடவும் கூடாது. பூநாரைகள் வரும் சரணாலயம் என்பதால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் ஆப்டிமிஸ்ட் படகுக்கு வேண்டிய இடம் மிகச் சிறியது. முகத்துவாரத்துக்கு உள்ளே ஒரு மூலை போதும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். இருக்கம் தீவில் ஒரு சிறுமி நன்றாக ஓட்டினால், வீட்டில் தமிழ் பேசினாலும் அவள் ஆந்திர மாநிலத்தவள். தமிழ்நாட்டின் விளையாட்டு உதவித்தொகைகளுக்கு அவளால் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்குக் கிட்டத்தில் உள்ள பாய்மரப் படகுச் சங்கமோ சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. 1911-இல் தொடங்கிய பழம்பெரும் சங்கம் அது. பழவேற்காட்டிலிருந்து அங்கே போகவே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்; இருக்கத்திலிருந்து அதற்கு முன் ஒரு படகுப் பயணமும் வேண்டும். பள்ளி விட்டு வந்து வாரத்தில் நான்கு நாள் பயிற்சிக்குப் போவது நடக்கிற காரியமில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தின் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருப்பது நல்ல செய்தி. பாக் நீரிணைக் கரைக்கு அது வேண்டும். வடகோடிக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. பத்து ஆப்டிமிஸ்ட் படகுகள், அவற்றை வெயிலிலிருந்து காக்க ஒரு கொட்டகை, உயிர்காப்பு உடைகள், எஞ்சின் பொருத்திய ஒரு பாதுகாப்புப் படகு, ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கும் ஒரு பயிற்சியாளர். சம்பளம் நிற்காமல் வர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முகாம் நடத்திவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடும் திட்டங்கள் இந்த ஊருக்குப் பழக்கம்தான். பாய்மரப் படகில் அவற்றால் எந்தப் பயனும் இல்லை. கற்றது மூன்று மாதத்தில் கையை விட்டுப் போய்விடும்.

பெண்பிள்ளைகளை முதல் வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஊரில் கடலுக்குப் போவது ஆண்கள். பெண்கள் ஏரியில் கையால் இறால் தடவுகிறார்கள், மீன் விற்கிறார்கள். பையன்களுக்கு நாளைக்கு ராணுவத்தின், கடற்படையின் வாசலாவது இருக்கிறது. பெண்களுக்குப் போபால் போன்ற ஒன்று உள்ளூரில் இல்லாவிட்டால் வேறு வழி மிகக் குறைவு. இந்தியா ஆசிய விளையாட்டுகளில் இந்தத் துறையில் அண்மையில் வென்ற பதக்கங்களில் பெண்களின் பங்கும் சிறியதல்ல: ஜகார்த்தாவில் பெண்கள் இருவர் ஓட்டும் 49இஆர் எஃப்எக்ஸ் படகில் வெள்ளி வென்ற வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகர் இணையில் வர்ஷா சென்னைக்காரர்.

வயதுக் கணக்கும் நெருக்குகிறது. நேத்ரா முதலில் படகேறியதற்கும் டோக்கியோவில் தொடக்கக் கோட்டில் நின்றதற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல். 2032-இல் ஒலிம்பிக் பிரிஸ்பேனில். இந்த ஆண்டு ஒன்பது, பத்து வயதில் முகத்துவாரத்தில் குதித்து நீந்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதுகூட முந்திவிடும். அவர்களுக்கு 2036 தான் கணக்கு. ஆப்டிமிஸ்ட் வயது அவர்களுக்கு ஐந்தாறு ஆண்டில் முடிந்துவிடும். பொன்னேரி வட்டத்து அதிகாரிகளும் சூளூர்ப்பேட்டைப் பக்கத்து அதிகாரிகளும் வனத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த மூலையில் எந்த மாதங்களில் படகு இறக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும்போது அந்த மூலையில் ஆழம் அளந்து பார்க்கலாம்.